ஜெயம்மாள் வீட்டு அம்புகள்

திங்கட்கிழமை காலையில் கதவைத் தட்டிய ஜெயம்மாள் கர்த்தரைத் தேடி வரவில்லை. மிஷின் ரிப்பேர்காரரைத் தேடி வந்திருந்தாள்.

ஐப்பசி மழை விடியவிடியக் கொட்டிவிட்டு அப்போதுதான் தூறலுக்கு இறங்கியிருந்தது. உரச்சாக்கைக் கூம்பாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"யக்கா, மிஷினரி வூடு இதானே?"

"இதாம்மா. உள்ள வா, நனையாத" என்றாள் தயாமணி. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூங்கில்பேட்டைக்கு வந்து நாலு மாதமாகிறது. இவர்கள்தான் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்களே தவிர, தானாக ஒருவர் தேடி வந்து தட்டியது இதுவே முதல் தடவை.

"உள்ள வர்லக்கா, காலெல்லாம் சேறு. சாரக் கொஞ்சம் அனுப்பு. மிஷினு ஒரேடியா மக்கர் பண்ணுது. ஞாயித்துக்கெழமைக்குள்ள பாப்பாவுக்கு ஜாக்கெட்டு தெச்சாவணும்."

தயாமணிக்கு விஷயம் பிடிபடச் சற்று நேரமாயிற்று. திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து இன்பராஜ் சட்டையில் பேட்ஜைக் குத்திக்கொண்டிருந்தார். கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து: மூத்த மிஷனரி. மூங்கில்பேட்டை ஆம்பூருக்கு அடுத்த ஊர். வீட்டுக்கு வீடு தையல் மிஷின். பாதி ஊர் ஷூ கம்பெனியில் தைக்கிறது, மீதி ஊர் வீட்டில் உட்கார்ந்து தைக்கிறது. அங்கே போய் இப்படி எழுதிக்கொண்டு திரிந்தால் ஜனங்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்? நாலு மாதமாகத் தெருவே அவருக்கு வணக்கம் போட்ட ரகசியம் அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"மிஷினு இல்லம்மா, மிஷனரி. சபையில இருந்து ஊழியத்துக்கு வந்துகீறோம். ஜெபம் பண்றது, ஒடம்பு சரியில்லாதவங்களப் பாக்கறது..."

"ஓ, சர்ச்சு வேலையா? செய்ங்க, செய்ங்க. நல்லதுதான்" என்ற ஜெயம்மாள் போகிற வழியாகத் தெரியவில்லை. "ஆயிலாவது கீதாக்கா?"

தயாமணி சிரித்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் ராணிப்பேட்டையில் தைத்துச் சாப்பிட்டவள் அவள். ஸ்குரூ டிரைவரையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துக்கொண்டாள். இன்பராஜ் குடையோடு பின்னாலேயே கிளம்பினார். அவரைக் கூட்டிக்கொண்டு போனதுதான் அந்த வாரத்தின் முதல் பிழை.

இன்பராஜைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பத்தோரு வருஷம் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங்கில் இருந்தவர். அவர் கையைத் தாண்டித்தான் ஷூ பெட்டிக்குள் போகும். தையல் விலகியிருக்கிறதா, பசை வெளியே தெரிகிறதா, தோலில் கீறல் உண்டா என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் நகம் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அம்பு விழுந்த ஷூ சரிபண்ணும் மேஜைக்குத் திரும்பிப் போகும். வேலை முடிந்த பிறகுதான் அம்பை உரிக்கலாம். அதற்கு முன்னால் உரித்தால் குறை எங்கே என்றே தெரியாமல் போய்விடும். இது கம்பெனியில் சட்டம்.

ரிட்டயர் ஆகிற அன்றைக்கு மற்றவர்கள் சால்வையோடு வீட்டுக்கு வருவார்கள். இவர் சால்வையோடு ஒரு பெட்டி அம்பு ஸ்டிக்கரும் கொண்டுவந்தார். அதற்குப்பிறகு தயாமணிக்கு நிம்மதி போயிற்று. கேஸ் டியூபில் அம்பு. குக்கர் கைப்பிடியில் அம்பு. ஒருநாள் இட்லித் தட்டின் ஓரத்தில், வேகாத இட்லியைக் காட்டி ஒரு அம்பு. அடுக்களைக் கதவுக் கீல் தளர்ந்திருக்கிறது என்று ஒட்டிய அம்பு நாலு வருஷமாக அங்கேயே இருந்தது. ஒட்டுவதோடு அவர் வேலை முடிந்தது; சரிபண்ணுவது அவர் டிபார்ட்மென்ட் இல்லை.

சபையில் ரிட்டயர் ஆன தம்பதிகள் ஒரு வருஷம் ஊழியத்துக்கு வர முடியுமா என்று கேட்டபோது இன்பராஜ்தான் முதலில் கை தூக்கினார். மகள் கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள், வீட்டில் சும்மா உட்கார்ந்து என்ன செய்வது என்றார். மூங்கில்பேட்டையில் தகரக்கூரை போட்ட சின்ன ஜெபக்கூடம். வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதிலும் போன மாதம் வேதாசலம் என்கிற பெரியவரிடம், "அய்யா, மூணாவது சரணத்துல சுருதி கீழ போகுது" என்று இன்பராஜ் சொல்லப்போய், அந்த மனுஷன் இரண்டு வாரம் வாயே திறக்காமல் நின்றார். அன்றைக்கு ஸ்டிக்கர் ஒட்டவில்லையே என்று தயாமணி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஜெயம்மாள் வீடு பின்தெருவில். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை, ஓரத்தில் அடுப்படி. தீபாவளிக்கு அடித்த ரோஸ் டிஸ்டெம்பர் சுவரெல்லாம் பளிச்சென்று இருந்தது. தரையில் குண்டான், டவரா, பக்கெட், ஈயப்பானை என்று இருக்கிற பாத்திரமெல்லாம் பரப்பி வைத்திருந்தது; ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சத்தத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிலை நடு அறைக்கு இழுத்து, தைத்துக் கொடுக்க வேண்டிய ஷூ மேல்தோல்களை அதன்மேல் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்தாள். தோல் மண்டியில் வேலை பார்த்த புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அவளும் மகள் பூங்குழலியும்தான்.

பாபின் கூட்டில் நூல் சிக்கியிருந்தது. பத்து நிமிஷ வேலை. தயாமணி எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஜெயம்மாள் பக்கத்தில் குந்தினாள்.

"ஞாயித்துக்கெழம பாப்பாவப் பாக்க வர்றாங்கக்கா. குடியாத்தத்துலேர்ந்து. இது மூணாவது எடம். மொத ரெண்டு தபாவும் பொண்ணு புடிச்சிருக்குன்னுதான் சொல்லினு போனாங்க. ரெண்டு தபாவும் மழ. ஒரு தபா மாப்ள தலமேலயே சொட்டுச்சி. அப்பறம் போனே வர்ல."

"அடக் கடவுளே."

"இந்த எடமும் போச்சின்னா எனக்குக் கல்யாணமே வாணாம்மான்னு பாப்பா சொல்ட்டா. பையன் தங்கமாம்க்கா. ஷூ கம்பெனில கட்டிங். அவங்கம்மாவும் கம்பெனில இருந்தவங்கதான்."

"கூரைய சரிபண்ண ஆள் வர்லயா?"

"சம்பத்து வந்து பாத்தான். மழ வுட்டாத்தான் மேல ஏறுவேங்கறான். மழ வுட்டுட்டா எங்க ஒழுகுதுன்னு எனக்கு எப்டித் தெரியும், மொத்த ஷீட்டையும் மாத்துங்கறான். அதுக்கு எங்க போறது?"

அதுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த இன்பராஜ் மெதுவாகச் சொன்னார்: "தண்ணி விழற எடம் வேறம்மா. ஓட்ட இருக்கிற எடம் வேற. ஷீட்டுக்கு அடியிலயே ஓடி வந்து வேற எடத்துல சொட்டுது. மழ பெய்யறப்பவே கண்டுபுடிச்சி வெச்சிக்கணும்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. முப்பத்தெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த வெளிச்சம் தெரியும். தெரிந்தும் அவள் மிஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கமான வேலைகள். ஜெபக்கூடத்தில் தண்ணீர் புகுந்ததைத் தள்ளிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஹலீமா பீக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்த மனு எழுதினார்கள். எழுதியது தயாமணி, எழுத்துப்பிழை பார்த்தது இன்பராஜ். மதியம் அந்தம்மாள் அனுப்பிய தால்ச்சாவைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு, கத்திரிக்காய் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம் என்றார். "வாயத் தொறந்து வெளிய சொல்லிடாதீங்க" என்றாள் தயாமணி.

புதன்கிழமை அவள் வேதாசலத்தைக் கூட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கு வேலூர் போனாள். வெளியே மழை விடாமல் பெய்தது. கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர், "ஏம்மா, நெஜமாவே மூணாவது சரணத்துல எறங்குதா?" என்று இரண்டு தடவை கேட்டார். "இல்லய்யா, அவுரு காதுல கோளாறு" என்று அவள் பொய் சொன்னாள். ஊழியத்தில் அந்த வாரம் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஆறரை மணி. பின்னாலேயே கம்பெனி பஸ் வந்து நின்றது. அதிலிருந்து பூங்குழலி இறங்கினாள். துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து தயாமணியின் குடைக்குள் புகுந்தாள். இருபத்துநாலு வயது, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

"ஜாக்கெட் சூப்பரா வந்திச்சி ஆண்ட்டி. அம்மா சொல்லிச்சி, நீங்கதான் மிஷின சரி பண்ணீங்களாமே. ஆண்ட்டி, அவுரு போன்ல பேசினாரு தெரியுமா? ரெண்டே நிமிசம். மழ ஜாஸ்தியான்னு கேட்டாரு. இன்னா கேள்வி பாருங்க!" சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்த இரண்டு நிமிஷத்தை அவள் நாள் முழுக்க வைத்திருந்து பார்த்திருக்கிறாள் என்று தயாமணிக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

தயாமணி குடைக்குள்ளேயே அவளை வீடுவரை கொண்டுபோய் விட்டாள். வாசலில் இருவரும் ஒன்றாகத்தான் செருப்பைக் கழற்றினார்கள்.

உள்ளே டியூப் லைட் வெளிச்சத்தில் வீடு முழுக்கச் சிவப்பு அம்புகள். ரோஸ் சுவரின் மேல்விளிம்பு நெடுக அம்பு. ஜன்னல் மேல் மூன்று. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒன்று. எட்டுகிற உயரத்தில் ஷீட்டின் அடியிலும் அம்பு. எல்லாம் ஏதோ ஒரு ஆணியையோ விரிசலையோ பார்த்துக் குறிவைத்துக்கொண்டிருந்தன. நடுவில் ஸ்டூல்மேல் இன்பராஜ். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஜெயம்மாள்.

"முப்பத்தேழு!" என்றார் அவர் பெருமையாக. "ஒண்ணு கூட வுடல. இனி சம்பத்து ஏறினா அர நாள் வேல."

பூங்குழலி டிபன் பையைக் கீழே வைத்தாள்.

"யாரு இத ஒட்னது?"

"நான்தான்மா. துணியால தொடச்சித் தொடச்சி..."

"எங்க வூட்ட ரிஜெக்ட் பண்ண நீங்க யாரு சார்?"

ஸ்டூல் ஆடியது. ஜெயம்மாள், "பாப்பா, பெரியவர அப்டிப் பேசாத" என்றாள்.

"பின்ன எப்டிம்மா பேசறது? லைன்ல ஒரு பீஸ் அம்பு ஒட்டித் திரும்பி வந்தா, சூப்பர்வைசர் அதத் தூக்கி எம் மூஞ்சிக்கு நேரா காட்டுவான், நாப்பது பேரு பாக்க. யாரு தெச்சது, யாரு தெச்சதும்பான். ஆறு வருசமா அந்த அம்பப் பாத்தாலே ஓடி ஒளியணும்னு தோணுது எனக்கு. அத கொண்ணாந்து வூட்டுச் சுவத்துல ஒட்டி வெச்சிகீறீங்க. ஞாயித்துக்கெழம வர்ற அந்தம்மா இருவத்திரண்டு வருசம் கம்பெனில இருந்தவங்க. அம்புன்னா இன்னான்னு அவங்களுக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே ஒரு அம்பைப் பிடித்து இழுத்தாள். அம்பு வந்தது, கூடவே உள்ளங்கை அகலத்துக்கு டிஸ்டெம்பரும் வந்தது. ஈரச்சுவர். ரோஸுக்கு நடுவில் வெள்ளைவெளேர் என்று ஒரு புண். அடுத்ததை இழுத்தாள், அதுவும் அப்படியே. மூன்றாவதை இழுக்கப் போன கையைத் தயாமணி பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டது.

வீட்டுக்கு வரும்வரை தயாமணி அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வந்து குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"பொண்ணு பாக்க வர்ற வூட்ல அம்பு ஒட்டிட்டு வந்துகீறீங்களே, உங்களுக்கு எங்கனா அறிவு கீதா?"

"நான் ஒட்னதுல ஒண்ணாவது தப்பா இருந்தா சொல்லு."

"ஒண்ணு கூட தப்பில்ல. அதான் தப்பு."

அவர் முழித்தார். "ஒழுகற எடத்தக் காட்னது தப்பா?"

"அவங்களுக்கு ஒழுகறது தெரியாதா? எட்டுப் பாத்திரம் வெச்சிப் புடிக்கிறாங்க, தெரியாதா? காட்டறதுக்கு ஊரு பூரா ஆள் கீது. சரிபண்ணத்தான் ஆள் இல்ல. முப்பத்தெட்டு வருசமா நீங்க காட்டினே கீறீங்க, நான் சரிபண்ணினே கீறேன். எனக்கு ஒண்ணுமில்ல, பழகிடிச்சி. அந்தப் பொண்ணுக்கு இன்னா தலையெழுத்து?"

இன்பராஜ் அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உப்பு கம்மி என்றுகூடச் சொல்லவில்லை. உப்புப் போடவே மறந்திருந்தாள் அவள்.

வியாழக்கிழமை அம்புகளை உரிக்கத் தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார்கள்; சுவரில் எண்ணெய்க் கறை ஏறியது. ஈரத்துணி வைத்துப் பார்த்தார்கள், டிஸ்டெம்பர் வழிந்தது. புதுசாக அடிக்கலாம் என்றால் ஈரச்சுவரில் நிற்காது. அன்று மாலை ஜெபக்கூட்டத்துக்கு ஆறு பேர் வந்தார்கள். இன்பராஜ் பேச எழுந்து, பைபிளைத் திறந்து, மூடி, "வேதாசலம் அய்யா, ஒரு பாட்டு பாடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெரியவர் மூன்றாவது சரணத்தில் தாராளமாக இறங்கினார். இன்பராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

வெள்ளியன்றும் மழை. சனிக்கிழமை காலையில் வானம் வெளுத்தது. தயாமணி எழுந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. பேட்ஜ் மேஜைமேல் கிடந்தது. அவள் பின்தெருவுக்கு ஓடினாள்.

சம்பத் கூரைமேல் பலகை போட்டுக் குந்தியிருந்தான். உள்ளே இன்பராஜ் பனியனும் லுங்கியுமாக, கையில் ஒட்டடைக் கம்போடு நின்றார். ஒவ்வொரு அம்பாகப் பார்த்து, அது காட்டுகிற இடத்தில் கீழிருந்து தட்டினார்.

"இங்க!"

"எங்க சார்?"

"தட்றேன்ல, கேக்கல?"

"கேட்டுச்சி. ஆணி ஒண்ணு துருப்புடிச்சிகீது."

"அதான். வாஷரோட மாத்து. வேல முடிஞ்சா சொல்லு, அப்பத்தான் அடுத்தது."

பிறகு ஏணி போட்டு அவரே பாதிவரை ஏறித் தார் ஷீட்டை எடுத்துக் கொடுத்தார். அறுபத்தைந்து வயதில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் நிற்கிற புருஷனை தயாமணி கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. கோபம் பாதி கரைந்துவிட்டது; மீதியை அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். ஜெயம்மாள் களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்பராஜ் இரண்டு உருண்டை வாங்கிச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். ஜெயம்மாளுக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டிருக்கும்.

சாயங்காலம் முப்பத்தைந்து அம்புக்கும் இரண்டு வெள்ளைப் புண்ணுக்கும் வேலை முடிந்தது. ஆனால் மழை பெய்தால்தானே ஒழுகல் நின்றதா இல்லையா என்று தெரியும்? அதுவரை அம்பை உரிக்கவும் வழியில்லை.

"மறைக்கறதுதான்" என்றாள் தயாமணி. "காலண்டர் மாட்டு."

ஞாயிறு காலை தெருவில் இருந்த காலண்டரெல்லாம் ஜெயம்மாள் வீட்டுக்கு வந்துசேர்ந்தன. மளிகைக்கடை காலண்டரில் முருகன் வந்தார். ஜெபக்கூடத்து வசனக் காலண்டர் வந்தது. ஹலீமா பீ தன் வீட்டு மெக்கா படக் காலண்டரைக் கொண்டுவந்து, "ஜன்னல் மேல நல்லா வரும், பெருசு இது" என்று தன் கையாலேயே மாட்டிவிட்டு, எட்டு பிளாஸ்டிக் நாற்காலியும் அனுப்பினாள். நடுவில் ஒரு உரக்கம்பெனி காலண்டரில் தக்காளி. ஷீட்டில் இருந்த அம்புகளுக்குக் கீழே தோரணம் கட்டினார்கள். யாராவது நுழைந்தால் காலண்டர் கடையோ என்று நினைப்பார்கள், அம்பு தெரியாது.

"நீங்க வூட்லயே இருங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு தயாமணி பஜ்ஜி போடப் போனாள்.

மூன்று மணிக்குக் குடியாத்தத்துக்காரர்கள் வந்தார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பார்த்துப் பேசிக் கிளம்ப வேண்டும். மாப்பிள்ளை செந்தில்குமார் ஒல்லியாக, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி வந்தான். அவன் அம்மா பாக்யலட்சுமி நல்ல உயரம். வெற்றிலை போட்ட வாய். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற கண். அந்தப் பார்வை தயாமணிக்கு முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். அது செக்கிங் கண்.

"வாங்க அண்ணி, ஒக்காருங்க" என்றாள் ஜெயம்மாள்.

பூங்குழலி புது ஜாக்கெட்டில் வந்து காபி கொடுத்தாள். கேசரி போயிற்று, பஜ்ஜி போயிற்று. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. புழுக்கமாக இருக்கிறதே என்று ஜெயம்மாள் மின்விசிறியை ஐந்தில் வைத்தாள்.

முதலில் தக்காளி பறந்தது. பிறகு முருகன் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். காலண்டர்கள் படபடவென்று தூக்கி அடித்துக்கொண்டு சுவரெல்லாம் சிவப்புச் சிவப்பாக எட்டிப்பார்த்தது. ஜெயம்மாள் ஓடி விசிறியை நிறுத்தினாள்.

பாக்யலட்சுமி எழுந்தாள். சுவரோரமாகப் போய் ஒவ்வொரு காலண்டராகத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைப் புண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

"இது இன்னா?"

ஜெயம்மாள் மகளைப் பார்த்தாள். பூங்குழலிதான் சொன்னாள்.

"அம்புங்க. எங்க வூடு ஒழுகும். இதுக்கு முன்ன ரெண்டு எடம் அதனாலயே போச்சி. எங்கெங்க ஒழுகுதுன்னு ஒட்டி, நேத்துதான் சரி பண்ணோம். உங்ககிட்ட மறைக்கணும்னு காலண்டர் மாட்னோம். அதுதான் தப்பு."

"யாரு ஒட்னது?"

"நான்தான்மா" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. வீட்டில் இருக்கச் சொன்ன மனுஷன், எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ. "முப்பத்தோரு வருசம் செக்கிங்ல இருந்தேன். கை சும்மா இருக்காம செஞ்சிட்டேன். அந்தப் புள்ள மேல ஒரு குத்தமும் இல்ல. தப்பு என்னுது." தப்பு என்னுது என்று அந்த வாயிலிருந்து வந்ததை தயாமணி முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். கையில் பஜ்ஜிக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

பாக்யலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செக்கிங்கா? நான் எங்க வேல பாத்தேன் தெரியுமா சார்? ரிப்பேர் டேபிள்ல. இருவத்திரண்டு வருசம். உங்கள மாதிரி ஆளுங்க ஒட்டி அனுப்பறதெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்." பிறகு பூங்குழலி பக்கம் திரும்பினாள். "நீ ஏம்மா மூஞ்சத் தொங்கப் போட்டுனுகீற? ரிஜெக்ட்டுக்கு எவனாவது அம்பு ஒட்டுவானா? ரிஜெக்ட்டுன்னா கத்தியால ஒரே கிழி, தூக்கி மூட்டையில போட்டுருவான். சரிபண்ணா தேறும்னாத்தான் அம்பு ஒட்டுவான். என் கையில வந்த பீஸெல்லாம் கப்பல் ஏறிப் போச்சிம்மா."

"லைன்ல எங்கள அப்டிச் சொல்லமாட்டாங்கங்க" என்றாள் பூங்குழலி. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அவனுங்க எங்க சொல்வானுங்க! சரி, இப்ப ஒழுகுதா இல்லையா, அதச் சொல்லு."

"இன்னும் மழ வர்லங்க."

கேட்டுக்கொண்டிருந்ததுபோல் வந்தது மழை. ஷீட்டின்மேல் முதலில் நாலு தட்டு; பிறகு ஒருசேரக் கொட்டியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜெயம்மாள் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டாள். தயாமணி வாய்க்குள் கர்த்தரைக் கூப்பிட்டாள். செந்தில்குமார் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். அம்பு அம்பாகக் கண்கள் போய் வந்தன. ஜன்னல் மேல் சொட்டு இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் இல்லை. அடுப்படி ஓரத்தில் இல்லை. கால் மணி நேரம் பெய்தது. தரை அப்படியே காய்ந்து கிடந்தது.

"பாஸ்" என்றாள் பாக்யலட்சுமி.

அப்போது வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்த இன்பராஜின் வழுக்கைத் தலையில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. அவர் மேலே பார்த்தார். அடுத்தது மூக்கில் விழுந்தது. அங்கே அம்பு இல்லை.

"செக்கரே மிஸ் பண்ணிட்டாரு!" என்று செந்தில்குமார் வாய்விட்டுச் சொன்னான். அவன் வந்ததிலிருந்து பேசிய முதல் பேச்சு அதுதான். பூங்குழலி சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீடே சிரித்தது. அவள் நேரே போய் இன்பராஜின் சட்டைப் பையிலிருந்து அம்புச் சுருளை எடுத்தாள். ஸ்டூல்மேல் ஏறி அந்த இடத்தில் ஒன்றை ஒட்டினாள். இறங்கும்போது அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "சாரி சார்" என்றாள். அவர் தலையைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் இடது பக்கம் ஒட்டியிருக்கணும்" என்று சொல்ல வாயெடுத்து, மனைவியைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"மத்ததெல்லாம் வேல முடிஞ்சிது. உரிக்கலாம்" என்றாள் பாக்யலட்சுமி. "ஆனா இப்டிப் புடுங்கக் கூடாதும்மா. கட்டவெரல வெச்சி அழுத்திச் சூடு பண்ணு. பசை எளகட்டும். அப்பறம் வாலுப் பக்கமா மெதுவா." ஒன்றை உரித்துக் காட்டினாள். டிஸ்டெம்பரில் ஒரு பொட்டுக்கூடப் போகவில்லை. "டேய் செந்திலு, ஸ்டூல்ல ஏறு. மேல இருக்கறத நீ எடு, கீழ இருக்கறத பாப்பா எடுக்கட்டும். பொண்ணுகிட்ட பேசணும்னியே, பேசினே எடு."

பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவரோரத்தில் இரண்டு பேரும் ஒவ்வொரு அம்பாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்கள். அழுத்துகிற நேரம் வரவர நீண்டுகொண்டே போயிற்று. நாலேகாலுக்கு பாக்யலட்சுமி பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்துப் பூங்குழலியின் தலையில் வைத்தாள். ஜெயம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தயாமணி பஜ்ஜிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு மாலை ஆராதனை. மழை நின்றிருந்தது. வேதாசலம் வந்தார், வழக்கமான பத்துப் பேர் வந்தார்கள். கேசரி டப்பாவோடு பூங்குழலியும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். "சாமி கும்பிட வர்ல ஆண்ட்டி, கேசரி குடுக்க வந்தேன். கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போறேன்" என்றாள்.

இன்பராஜ் பேட்ஜைக் குத்திக்கொண்டு, சலவைச் சட்டையில் முன்னால் போக எழுந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த தயாமணி அப்போதுதான் பார்த்தாள். இரண்டு தோளுக்கும் நடுவில், வெள்ளைச் சட்டையில், சின்னதாக ஒரு சிவப்பு அம்பு. நேராக அவர் தலையைப் பார்த்துக் காட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். பூங்குழலி துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு குனிந்திருந்தாள். வேதாசலத்தின் தோள் குலுங்கிற்று.

தயாமணி எட்டிக் கட்டைவிரலை அம்பின்மேல் வைத்தாள். அழுத்தினால் போதும், சூட்டில் இளகிவிடும். வாலுப் பக்கமாக மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

"இன்னா?" என்று அவர் பாதி திரும்பிக் கேட்டார்.

வேலை முடிந்தால்தானே உரிக்க வேண்டும். கம்பெனிச் சட்டம் ஆயிற்றே. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல. போங்க" என்றாள்.